“எல்லோரும் செய்வதுதானே?” – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பலவற்றில் ஒரு வரி பொதுவாக இருந்தது: “எல்லோரும் செய்வதுதானே?” அது பதிலாகாது என்பது எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அடுத்து என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். அதனால் இங்கே உபதேசம் குறைவு, நடைமுறை அதிகம். அடையாளங்களை நீக்கிவிட்டோம்.

பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்து மூன்று மாதம் ஆகிறது. உட்பிரிவு செய்ய வேண்டிய நிலம். அளக்க வர சர்வேயர் எட்டாயிரம் கேட்பதாக அலுவலக வாசலில் நிற்கும் புரோக்கர் சொல்கிறார். கொடுத்தால் ஒரு வாரத்தில் முடியுமாம். வேறு வழியில்லாமல் கொடுப்பவன் மீது என்ன தப்பு?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

கேட்பவர்தான் பெரிய குற்றவாளி என்று நீங்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2018 ஜூலையிலிருந்து சட்டத்தின் கணக்கு மாறிவிட்டது. 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் அப்போது வந்த திருத்தத்தின்படி, லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம்: ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாங்கும் அரசு ஊழியருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. அதிகாரியைச் சரிக்கட்டித் தருகிறேன் என்று பணம் வாங்கும் புரோக்கருக்கும் அதே 3 முதல் 7 ஆண்டுதான்.

கொடுப்பவருக்கு இரண்டு விலக்குகள் உண்டு. நிர்ப்பந்தத்தால் கொடுத்துவிட்டால், கொடுத்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் போலீஸிலோ விசாரணை அமைப்பிலோ தெரிவிக்க வேண்டும். எட்டாவது நாள் போய் “கட்டாயப்படுத்தினார்கள்” என்றால் இந்த விலக்கு கைகொடுக்காது. இரண்டாவது, முதலில் புகார் கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்படி பணத்தைக் கொடுப்பது. அப்போது நீங்கள் குற்றவாளியே அல்ல. நீங்கள் இன்னும் பணம் கொடுக்கவில்லை. ஆகவே இந்த இரண்டாவது வழி உங்களுக்குத் திறந்தே இருக்கிறது.

அந்த வழி நடைமுறையில் இப்படி. லஞ்ச ஒழிப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும்: யார், எந்த வேலைக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில், என்ன வார்த்தையில் கேட்டார். பட்டா விண்ணப்ப எண்ணும் ரசீதும் கையில் இருக்கட்டும். வழக்குப் பதிவானதும், வேறு துறையைச் சேர்ந்த இரண்டு அரசு ஊழியர்கள் சாட்சிகளாக வரவழைக்கப்படுவார்கள். நீங்கள் கொண்டுவரும் நோட்டுகளின் எண்கள் ஒன்றுவிடாமல் மகஜரில் (சாட்சிகள் முன் எழுதப்படும் பதிவு) எழுதப்படும். பிறகு அவற்றில் பினாப்தலின் பொடி தடவுவார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சாட்சிகளில் ஒருவரை நோட்டைத் தொடச் சொல்லி, சோடியம் கார்பனேட் கரைசலில் விரலை நனைக்கச் சொல்வார்கள். நிறமற்ற தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிடும். அதைச் சாட்சிகள் முன் காட்டிய பிறகே பணம் உங்கள் சட்டைப்பையில் வைக்கப்படும். வாங்கியவரின் விரல்களையும் பின்னர் அப்படியே கழுவி, அந்தக் கரைசலைப் பாட்டிலில் அடைத்து, சீல் வைத்து, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

உங்களுக்குத் தரப்படும் முக்கியமான அறிவுரை ஒன்றுதான்: அவர் கேட்கும்வரை கொடுக்காதீர்கள். வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில். பதற்றத்தில் புகார்தாரர் தானே மேசை டிராயரில் பணத்தைத் திணித்துவிட்டு வந்தால், கை சிவந்தாலும் வழக்கு நிற்காது. கேட்டதும் வாங்கியதும் இரண்டுமே நிரூபணமாக வேண்டும். நீரஜ் தத்தா வழக்கில் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்தது. புகார்தாரர் இறந்துவிட்டாலோ பிறழ்சாட்சி ஆனாலோகூட, சூழ்நிலைச் சான்றுகளால் அவற்றை நிரூபிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆண்டுகள் கழித்துச் சாட்சிக் கூண்டில் “நினைவில்லை” என்று சொல்லிவிட்டு நழுவப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. கேட்டது புரோக்கர். சர்வேயருக்கு இது தெரியுமா, அல்லது அவர் பெயரைச் சொல்லிப் புரோக்கரே சம்பாதிக்கிறாரா? இரண்டாவதும் சர்வ சாதாரணம். ஆகவே முதலில் சர்வேயரை நேரில் பார்த்து, “என் மனு எந்த நிலையில் இருக்கிறது, எப்போது அளக்க வருவீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். பணப்பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள். அவர் எடுத்தால், அன்றைக்கே தேதி, நேரம், வார்த்தைகளை எழுதி வையுங்கள். போனில் உரையாடல் பதிவாகியிருந்தால் அந்த போனை மாற்றவோ, ஒலிப்பதிவுக் கோப்பை வெட்டவோ கூடாது.

புகார் வரை போகத் துணிவில்லை என்றால், அது கோழைத்தனம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஊருக்குள் வாழ வேண்டியவர் நீங்கள். அப்போதும் பணம் கொடுப்பது மட்டுமே மிச்சமிருக்கும் வழி என்பது பொய். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள். “ஏன் தாமதம்?” என்று கேட்காதீர்கள்; காரணம் கேட்டால் நழுவலான பதில் வரும். “என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யார் மேசைக்கு வந்தது, எந்தத் தேதியில் அடுத்தவருக்குப் போனது, எனக்குப் பிறகு விண்ணப்பித்து முடிக்கப்பட்ட உட்பிரிவு மனுக்கள் எத்தனை” என்று பதிவேட்டில் உள்ளதைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் தயாரிக்க அந்தக் கோப்பைத் தேடி எடுத்தாக வேண்டும் என்பதாலேயே பல கோப்புகள் நகர்ந்துவிடும். கூடவே திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு. ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.

நேர்காணலில் இப்போதைய சம்பளம் ஆண்டுக்கு 9 லட்சம் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் 7.2 லட்சம். வேலை கிடைத்துவிட்டது, மூன்று மாத பே ஸ்லிப் கேட்கிறார்கள். நண்பன் ‘எடிட்’ செய்து தருவதாகச் சொல்கிறான்.
– ஐ.டி. ஊழியர், சென்னை

வேண்டாம். வாயால் கூட்டிச் சொன்னது பொய். திருத்திய பே ஸ்லிப் போலி ஆவணம். முதலாவதால் இந்த வேலை போகலாம். இரண்டாவது குற்றவியல் சட்டத்துக்குள் வருகிறது.

கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. படிவம் 16, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தளத்தில் இருக்கும் டி.டி.எஸ். பதிவு, பி.எஃப். பாஸ்புக் என்று நான்கு இடங்களில் உங்கள் சம்பளம் பதிவாகியிருக்கிறது. பழைய நிறுவனம் முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் 12% பி.எஃப். கட்டியிருந்தால், பாஸ்புக்கைப் பார்த்து அடிப்படைச் சம்பளத்தைக் கணக்கிட ஒரு நிமிடம் போதும். 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு 1,800 மட்டும் கட்டியிருந்தால் அங்கே தெரியாது. மற்ற மூன்றில் தெரிந்துவிடும். சேர்ந்து ஆறு மாதம் கழித்து மாட்டினால் இன்னும் மோசம்: வேலையும் போய், அடுத்த இடத்தில் காட்ட அனுபவச் சான்றும் இருக்காது.

ஆவணங்களை அனுப்பும் அதே மின்னஞ்சலில் இப்படி எழுதுங்கள்: “நேர்காணலில் என் ஆண்டுச் சம்பளத்தை 9 லட்சம் என்று தவறாகக் கூறினேன். சரியான தொகை 7.2 லட்சம். பே ஸ்லிப்களை இணைத்துள்ளேன்.” அவ்வளவுதான். ‘வேரியபிள் பே சேர்த்துச் சொன்னேன்’ என்று இரண்டாவது பொய்யை அதற்குள் நுழைக்காதீர்கள். சம்பளத்தைக் குறைக்கலாம், வேலையையே மறுக்கலாம். இரண்டுக்கும் தயாராக, பதில் வரும்வரை பழைய இடத்தில் ராஜினாமா கொடுக்காமல் இருங்கள். அடுத்த முறை, “இப்போதைய சம்பளத்தைச் சொல்ல விரும்பவில்லை, என் எதிர்பார்ப்பு இவ்வளவு” என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை, தப்பும் இல்லை.

அப்பா பெயரில் உள்ள வீட்டில்தான் குடியிருக்கிறோம். மாதம் 15,000 வாடகை கொடுப்பதாக அப்பாவிடம் ரசீது வாங்கி அலுவலகத்தில் கொடுத்து ஹெச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி) வரி விலக்கு வாங்குகிறேன். பணம் எதுவும் கொடுப்பதில்லை. அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ்காரரே சொல்லிக் கொடுத்ததுதான்.
– வங்கி ஊழியர், சேலம்

பெற்றோருக்கு வாடகை கொடுத்து விலக்குப் பெறுவதைச் சட்டம் தடுக்கவில்லை. கொடுக்காத வாடகைக்கு ரசீது வாங்குவதுதான் தவறு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் ஒரு வங்கிப் பரிமாற்றம். அதைச் செய்யாமல் ஏன் ரசீதை மட்டும் எழுதுகிறார்கள் என்பது எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணைத் தர வேண்டும். நீங்கள் 1,80,000 காட்டியிருக்கிறீர்கள் என்றால் அப்பாவின் பான் எண் ஏற்கெனவே வருமான வரித் துறையிடம் இருக்கிறது. அவருடைய வருமான வரிக் கணக்கில் அந்த வாடகை வருமானம் இல்லை என்பதைக் கணினியே பொருத்திப் பார்த்துவிடும். உங்களுக்கு விலக்காகக் கிடைத்தது 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். 20% வரியும் 4% செஸ்ஸும் சேர்த்து நீங்கள் மிச்சப்படுத்தியது 24,960. தவறான தகவல் தந்ததாக முடிவானால் அபராதம் வரியின் 200%, அதாவது 49,920. வரியும் திரும்பக் கட்ட வேண்டும், வட்டி தனி.

சரிசெய்ய வேண்டியவை இரண்டு: இனி வரும் மாதங்கள், கடந்த ஆண்டுகள். வரும் மாதம் முதல் வாடகையை வங்கி வழியாக அப்பாவுக்கு அனுப்புங்கள். ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதுங்கள். அப்பா தன் வருமான வரிக் கணக்கில் அதை வீட்டு வருமானமாகக் காட்டட்டும். அதில் 30% நிலையான கழிவு உண்டு. வேறு பெரிய வருமானம் இல்லாத முதியவர் என்றால் பெரும்பாலும் வரியே வராது. அனுப்பிய பணம் மறுநாளே உங்கள் கணக்குக்குத் திரும்பி வந்தால் இத்தனையும் நாடகமாகிவிடும். வீட்டில் உங்களுக்கும் உரிமைப் பங்கு இருந்தால் இதைத் தொடவே வேண்டாம். கடந்த ஆண்டுகளுக்கு, பின்தேதியிட்ட ஒப்பந்தம் தயாரிப்பது தவறுக்கு மேல் தவறு. புதுப்பிக்கப்பட்ட கணக்கு தாக்கல் செய்து வரியைக் கட்டிவிடலாம். 2025 ஏப்ரல் முதல் அதற்கு 48 மாத அவகாசம் இருக்கிறது; தாமதத்தைப் பொறுத்து வரி, வட்டியின் மீது 25% முதல் 70% வரை கூடுதலாகக் கட்ட நேரும். துறை நோட்டீஸ் அனுப்பி நடவடிக்கை தொடங்குவதற்கு முன் செய்தால்தான் இதில் லாபம்.

தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு முடித்துவிட்டேன். கருத்துத் திருட்டுச் சோதனையில் 34% வந்தது. பல்கலைக்கழக வாசலில் உள்ள டைப்பிங் சென்டரில் “பத்துக்குக் கீழே கொண்டுவந்து தருகிறோம்” என்கிறார்கள். நெறியாளரும் “அங்கே கொடுத்து முடித்துவிடும்மா” என்கிறார்.
– ஆய்வு மாணவி, மதுரை

அந்த சென்டர் என்ன செய்யும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய எழுத்துரு வித்தை ஒன்று உண்டு. யூனிகோடில் இருக்கும் பக்கங்களை பாமினி போன்ற எழுத்துருவுக்கு மாற்றிவிடுவார்கள். திரையில் ‘அம்மா’ என்றே தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, ஒரு எச். மென்பொருளுக்கு அது அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியல், எதனோடும் பொருந்தாது. சதவீதம் சரிந்துவிடும். வேறு சில இடங்களில் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போட்டுச் சொற்களை மாற்றித் தருகிறார்கள். ‘தலைவி’ என்ற அகத்திணைச் சொல் ‘பெண் தலைவர்’ ஆகி நிற்கும். வாய்மொழித் தேர்வில் அதற்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்!

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறை விதிகளின்படி 10% வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40% வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம். 40-க்கு மேல் 60% வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உங்கள் 34 இரண்டாவது படியில் இருக்கிறது. அதாவது விதியே உங்களுக்குத் திருத்த அவகாசம் தருகிறது. அதை விட்டுவிட்டு மறைக்கப் போவது புத்திசாலித்தனம் இல்லை. பட்டம் வாங்கிய பிறகு நிரூபணமானாலும் பட்டத்தை நிறுத்தி வைக்க விதியில் இடமிருக்கிறது. ஆய்வேடுகளைத் தொகுத்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் உங்களுடையதும் ஏறியபின் உலகமே படிக்கலாம்; யாரிடமிருந்து எடுத்தீர்களோ அவருடைய மாணவரும் படிப்பார்.

34-ல் எது உண்மையான திருட்டு, எது இல்லை என்று பிரிப்பதுதான் உங்கள் வேலை. முறையான மேற்கோள், துணைநூற் பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை ஆகியவை கணக்கில் வரக் கூடாது. தொடர்ச்சியாக 14 சொற்களுக்கு உட்பட்ட பொதுவான தொடர்களும் அப்படியே. தமிழ் ஆய்வேட்டில் பாடல் வரிகளே பக்கம் பக்கமாக இருக்கும். நூலகத்தில் சோதனை செய்பவரிடம் மேற்கோளையும் துணைநூற் பட்டியலையும் விலக்கும் அமைப்பைப் போட்டு மறு அறிக்கை கேளுங்கள். மென்பொருள் மேற்கோளை அடையாளம் காண இரட்டை மேற்கோள் குறி வேண்டும். பாடலைத் தனிப் பத்தியாக உள்தள்ளி மட்டும் விட்டிருந்தால் அது பிடிக்காமல் போகலாம்.

மீதி இருப்பது பெரும்பாலும் உரை. தமிழ்த் துறைகளில் கண்டும் காணாமல் விடப்படும் பழக்கம் இது: புறநானூற்றுப் பாடலுக்குப் பாடல் எண் கொடுப்பார்கள், கீழே எழுதும் பொழிப்பை ஔவை துரைசாமிப் பிள்ளை உரையிலிருந்து அப்படியே எடுத்து, சொந்த விளக்கம்போல் வைத்துவிடுவார்கள். ‘இதனால் அறியலாகிறது’ என்று ஒரு வரி சேர்த்தால் ஆய்வு முடிந்தது. உங்கள் அறிக்கையில் வண்ணமிட்ட பத்திகளை மூன்றாகப் பிரியுங்கள். உரையாசிரியரின் சொல்லே வேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் வைத்து, பதிப்பு, பக்க எண் கொடுங்கள். கருத்து மட்டும் வேண்டும் என்றால் நூலை மூடிவைத்துவிட்டு உங்கள் நடையில் எழுதுங்கள், எழுதிய பின் மூலத்தோடு ஒப்பிட்டு, அடிக்குறிப்பில் பெயரைச் சொல்லுங்கள். இரண்டும் இல்லாமல் பக்கத்தை நிரப்ப வந்தவற்றை வெட்டுங்கள். அதற்கு மனம் வராது, ஆனால் ஆய்வேடு மேம்படும். இன்னொன்று: முந்தைய ஆய்வேட்டிலிருந்து எடுத்த மேற்கோளுக்கு மூல நூலின் பக்க எண்ணை மட்டும் போட்டு, நீங்களே மூலத்தைப் பார்த்ததுபோல் காட்டாதீர்கள். அந்த ஆய்வேட்டில் பக்க எண் தவறாக இருந்தால் உங்களுடையதிலும் அதே தவறு இருக்கும். தேர்வாளர்கள் பலமுறை பிடிப்பது அப்படித்தான்.

நெறியாளரிடம் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. “ஐயா, ஆறு மாத அவகாசம் இருப்பதால் நானே திருத்திவிடுகிறேன், இயலை இயலாகத் தங்களிடம் காட்டுகிறேன்” என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். ஆய்வேட்டில் சான்றளித்துக் கையெழுத்துப் போடுபவர் அவர். எழுத்தில் வந்த பிறகு அவரும் சென்டர் பெயரைச் சொல்ல மாட்டார்.

பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். செக்கிங் பிரிவில் உள்ள பெண் ஒருவர், மேலாளர் ஒருவர் தொடர்ந்து தொல்லை கொடுப்பதாக என்னிடம் அழுதார். “யாரிடமும் சொல்லாதீங்க அண்ணே, வேலை போயிடும்” என்கிறார். சொல்வதா, மறைப்பதா?
– வாசகர், திருப்பூர்

முதலில் அவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டியது: “உன்னைக் கேட்காமல் யாரிடமும் சொல்ல மாட்டேன், ஆனால் நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.” பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் (2013) கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் உள்ளகக் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். பயத்தில் காத்திருப்பவர்கள் இழப்பது இந்த நாட்களைத்தான்.

அவர் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும், பீஸ் ரேட்டில் வேலை பார்த்தாலும் சட்டம் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம்: தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பெயர்ப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். குழுவே இல்லை என்றாலோ, குற்றச்சாட்டு முதலாளி மீதே என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நீங்களாகப் புகார் கொடுக்க வேண்டும் என்றால் அவருடைய எழுத்துமூலமான ஒப்புதல் வேண்டும். அதற்கு முன் நீங்கள் செய்யக்கூடியது ஆவணம் சேர்க்க உதவுவது: எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், எந்த இடம், என்ன வார்த்தை, அருகில் யார் இருந்தார்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். புகார் ஆறு பிரதிகளில், சாட்சிகளின் பெயர் முகவரியோடு. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அவரையோ மேலாளரையோ வேறு பிரிவுக்கு மாற்றவும், அவருக்கு மூன்று மாதம் வரை விடுப்புத் தரவும் குழுவிடம் கேட்கலாம். எழுத்தில் கேட்டால்தான் கிடைக்கும். “பேசி முடித்துவிடலாம், ஒரு தொகை வாங்கிக் கொடுக்கிறேன்” என்று யாராவது நடுவில் வருவார்கள். அந்தப் பெண் விரும்பினால் சமரசம் செய்யலாம், ஆனால் பணத்தை அடிப்படையாகக் கொண்ட சமரசத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

நிரூபிக்க முடியாமல் போனால் பொய்ப் புகார் என்று தண்டிப்பார்களோ என்ற பயமும் அவருக்கு இருக்கும். நிரூபிக்க முடியாதது வேறு, வேண்டுமென்றே பொய் சொன்னது வேறு என்று சட்டமே பிரித்துச் சொல்கிறது. நீங்கள் இந்த விஷயத்தை டீக்கடையில் பேசினால், புகாருக்குப் பிறகு என்றால் ரகசியத்தன்மையை மீறியதாகும். அதற்கு முன் என்றால் அந்தப் பெண்ணைத் தெருவில் நிறுத்தியதாகும்.

பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். காஸ்டிங் சப்ளையர் தீபாவளிக்கு வீட்டுக்கே வந்து ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். மைசூர்பாகுக்குக் கீழே ஒரு கவரில் 2 கிராம் தங்கக் காசு. திருப்பிக் கொடுத்தால் முகத்தில் அடித்தமாதிரி ஆகாதா?
– வாசகர், கோவை

காசைக் கீழே ஒளித்து வைத்தவருக்கே அது பரிசல்ல என்று தெரிந்திருக்கிறது. ஸ்வீட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுங்கள். காசை அலுவலக நேரத்தில், இன்னொரு ஊழியர் முன்னிலையில் திருப்பிக் கொடுத்து, “பெற்றுக்கொண்டேன்” என்று ஒரு வரி கையெழுத்து வாங்குங்கள். மேலதிகாரிக்கு அன்றே மின்னஞ்சல். தேதி முக்கியம்: இரண்டு நாளில் எழுதினால் நீங்கள் நேர்மையானவர், இரண்டு மாதம் கழித்து விசாரணை வந்தபின் எழுதினால் மாட்டிக்கொண்டவர். முகத்தில் அடித்தமாதிரி ஆகாமலிருக்க, “கம்பெனி ரூல் சார், ஆடிட்ல மாட்டிக்குவேன்” என்றால் போதும். அவரும் வியாபாரிதான், புரிந்துகொள்வார். வைத்துக்கொண்டால், அடுத்த லாட் காஸ்டிங்கில் குமிழ் விழுந்து வந்தால் ‘ரிஜெக்ட்’ போட உங்கள் கை தயங்கும். கொடுத்தவரின் கணக்கு அதுதான்.

அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை. பெற்றோரே வற்புறுத்தி டியூஷன் எடுக்கச் சொல்கிறார்கள். மாலையில் வீட்டில் எடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

கூடாது. கல்வி உரிமைச் சட்டம் (2009) 28-ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. ‘உன் மாணவர்களுக்கு நான், என் மாணவர்களுக்கு நீ’ என்று சக ஆசிரியையோடு மாற்றிக்கொள்வதும் அதே தடைக்குள்தான் வரும். பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் அனுமதியோடு பள்ளியிலேயே, கட்டணமின்றி, பள்ளி முடிந்ததும் முக்கால் மணி நேரம் எடுங்கள். வற்புறுத்தும் பெற்றோரில் சிலர் அப்போது பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். அவர்கள் கேட்டது பாடமா, தேர்வுத்தாளில் கொஞ்சம் தாராளமா என்று அப்போது தெரிந்துவிடும்.

என் கணக்குக்கு யு.பி.ஐ.யில் 5,000 ரூபாய் தவறுதலாக வந்தது. பத்து நிமிடத்தில் ஒருவர் போன் செய்து, “அம்மா ஆஸ்பத்திரியில் இருக்காங்க, இந்த நம்பருக்கு அனுப்புங்க” என்று வேறொரு எண் கொடுத்தார். உடனே அனுப்புவதுதானே மனிதாபிமானம்?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பணம் உங்களுடையதல்ல, வைத்துக்கொள்வது குற்றம். ஆனால் அவர் சொன்ன எண்ணுக்கு அனுப்பாதீர்கள். வந்த பணம் வேறு யாரையோ ஏமாற்றி எடுத்ததாக இருக்கலாம். அதை நீங்கள் மூன்றாவது கணக்குக்குத் தள்ளிவிட்டால், போலீஸ் தடம் பிடித்து வரும்போது நடுவில் நிற்பது உங்கள் கணக்கு. முடக்கிவிடுவார்கள், திறக்க மாதங்கள் ஆகும்.

முதலில் வங்கியின் செயலியிலோ பாஸ்புக்கிலோ பணம் உண்மையில் வந்ததா என்று பாருங்கள். குறுஞ்செய்தியை மட்டும் நம்பாதீர்கள். போலி ‘கிரெடிட்’ செய்தி அனுப்பி, வராத பணத்தைத் திருப்பி வாங்குபவர்கள் ஏராளம். அவர் அனுப்பும் எந்தப் பணக் கோரிக்கையையும் ஏற்று யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் (PIN) போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். பணம் உண்மையாகவே வந்திருந்தால், போன் செய்தவரிடம், “உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள், என் வங்கி கேட்டால் உடனே சம்மதம் தருகிறேன்” என்று சொல்லுங்கள். உங்கள் வங்கிக் கிளைக்குப் பரிவர்த்தனை எண்ணோடு அன்றே கடிதம் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்குங்கள். வந்த வழியிலேயே பணத்தைத் திருப்புவது வங்கியின் வேலை. அதுவரை அந்த 5,000-த்தைத் தொடாமல் கணக்கில் இருப்பு வையுங்கள். மிரட்டினாலோ மறுபடி மறுபடி வேறு வேறு எண் கொடுத்தாலோ சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.